போன் ஹாலில் படுக்கட்டும்

ராத்திரி போன் நோண்டித் தூக்கம் கெடுவது ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினால் தீருமா என்று ஒருவர் கேட்டார். தீரும். ஆனால் கடிகாரம் மட்டும் வாங்கி வைத்தால் தீராது, இரண்டே வாரத்தில் போன் திரும்பத் தலைமாட்டுக்கு வந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கேட்டவர் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் ஒரு தம்பி. குமுளியில் வாடகை வீடு. காலை 5 மணிக்கு எழ வேண்டும். அலாரம் வைக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப், அன்றைக்கு ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போனது, யார் எத்தனை மூட்டை எடுத்தார்கள், அப்புறம் ரீல்ஸ் என்று பன்னிரண்டு மணி தாண்டிவிடுகிறதாம். காலையில் அலாரத்தை அணைக்கக் கை போனால் அப்படியே மறுபடியும் அரை மணி நேரம். "போனுக்குப் பதிலா நல்ல அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கினா இது தீருமா, எதை வாங்கணும், ஆயிரக்கணக்கில் செலவு பண்ணணுமா?" இதுதான் கேள்வி.

நான் பேசுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டம் கம்பத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. கடைக்குள் எந்நேரமும் நாற்பது கடிகாரமாவது ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தும் ஐந்தாறு வருடமாக நானே போன் அலாரத்தில்தான் எழுந்துகொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என்னை மாற்றியது மலைக்கு வேலைக்குப் போகிற ஓர் அக்கா. எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பிவிடும், கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் வரிசையாக ஏறும். அந்த ஜீப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் பெண்கள் மூன்றரை, நாலு மணிக்கே எழுந்து சோறாக்கித் தூக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அக்கா வந்து, "அண்ணே, சத்தம் பலமா இருக்கிற டைம்பீஸாப் பார்த்துக் குடுங்க" என்றார். போன் இல்லையா என்று கேட்டேன். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், ராத்திரி பையன் கேம் விளையாடிச் சார்ஜைத் தீர்த்துவிட்டான். "நான் அலாரம் சரியாத்தான் வச்சேன். அடிக்க வேண்டியது செத்துக் கிடந்துச்சு." ஜீப் போய்விட்டது, அன்றைய கூலியும் போய்விட்டது. டைம்பீஸ் ஒரே ஒரு வேலைக்காக இருக்கிற சாமான், அதை வேறு யாரும் வேறு எதற்கும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். தலைமாட்டில் இருக்கும் போன் அலாரம் மட்டுமா அடிக்கிறது? யோசித்துப் பாருங்கள். நடுராத்திரி பாத்ரூம் போக அதுதான் டார்ச். விழிப்பு வந்தால் மணி பார்ப்பது அதில். ஊரில் அப்பா அம்மாவுக்கு ஏதாவது என்றால் அழைப்பு வருவதும் அதில். தூக்கம் வர இளையராஜாவோ, காலையில் சுப்ரபாதமோ அதில்தான். ஆக ஐந்து வேலை. நீங்கள் கடிகாரம் வாங்கி அலாரம், மணி பார்ப்பது என்று இரண்டு வேலையைத்தான் பிடுங்குகிறீர்கள். மிச்சம் மூன்றையும் சாக்காக வைத்து அது மறுபடி கட்டிலுக்கு வந்துவிடும், அலாரத்துக்குத்தான் கடிகாரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நீங்களும் விட்டுவிடுவீர்கள். கடையில் டைம்பீஸ் வாங்கிப்போன பலர் ஆறு மாதம் கழித்து, "அது ஷோகேஸில இருக்குண்ணே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், கடிகாரத்தின் மேல் குறை ஒன்றும் இல்லை.

அதனால் கடிகாரத்தோடு கூடவே ஒரு சின்ன டார்ச் வாங்குங்கள். குமுளியில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், எப்படியும் தேவைதான். பாட்டுக்குப் பழைய ரேடியோ இருந்தால் போதும்.

அவசர அழைப்புதான் எல்லோரும் சொல்லும் பெரிய காரணம், அது நியாயமான பயமும்கூட. எனக்கும் வயதான அம்மா இருந்தார்கள். இதற்கு வழி போனை அணைப்பதல்ல, ஹாலில் சார்ஜில் போட்டு ரிங்கை முழுச் சத்தத்தில் வைப்பது. தொந்தரவு வேண்டாம் (டூ நாட் டிஸ்டர்ப்) என்கிற அமைப்பு எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது, அதில் வீட்டாரின் நம்பரை மட்டும் விலக்கு கொடுத்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பின் டிங் டிங் எதுவும் வராது, அம்மா அழைத்தால் மட்டும் வீடே அதிரும். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது: ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது அழைப்பை உள்ளே விடச் சொல்லலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் திரும்ப அழைத்தால் அது ஒலிக்கும். லேண்ட்லைன் காலத்தில் போன் ஹாலில்தானே இருந்தது? நடுராத்திரி அடித்தால் எழுந்து ஓடிப்போய் எடுத்தோம், யாரும் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கவில்லை.

"திரையின் நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, நான் நைட் மோடு போட்டிருக்கிறேனே" என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒளி கெடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. 2014 கடைசியில் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தூங்கும் முன் நான்கு மணி நேரம் ஐபேடில் புத்தகம் படித்தவர்களுக்கும் அச்சுப் புத்தகம் படித்தவர்களுக்கும் தூக்கம் பிடிக்க ஆன நேரத்தில் வித்தியாசம் சுமார் 10 நிமிடம். அதுவும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, நான்கு மணி நேரம். உங்களுக்குப் போவது பத்து நிமிடமா? ஒன்றரை மணி நேரம். அது ஒளியால் போகவில்லை, நாளைக்குக் காய் விலை ஏறுமா இறங்குமா என்ற கணக்கால் போகிறது. திரையை மஞ்சளாக்கினாலும் விலை அதே விலைதான். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது பாருங்கள், அந்தத் தூரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, எதை வாங்குவது.

முதலில் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். பிளக்கில் சொருகும் டிஜிட்டல் கடிகாரம் பார்க்க அழகாக இருக்கும், கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், காலையில் நீங்கள் ஏழரைக்கு எழுந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பென்சில் செல் ஒன்று போட்டால் ஒரு சாதாரண முள் கடிகாரம் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்று வரும், அந்த ஒன்றில்தான் முள் ஒரு அடி நகர்கிறது. இருநூறு ரூபாய் கடிகாரத்திலும் இதேதான், ஐயாயிரம் ரூபாய் கடிகாரத்திலும் இதேதான். மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடி முன்னே பின்னே போகலாம், உங்கள் ஏலத்துக்கு அது போதும். ஆகவே சரியாக மணி காட்டுவதற்காக யாரும் அதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. காசு கொடுப்பதென்றால் மூன்று விஷயத்துக்குக் கொடுங்கள்: சத்தம், பட்டன், முகம்.

சத்தம் என்று சொன்னது இரண்டு சத்தம். ஒன்று டிக் டிக். பகலில் கடையில் கேட்கவே கேட்காது, ராத்திரி குமுளிக் குளிரில் ஊரடங்கின பிறகு மரம் கொத்துகிற மாதிரி கேட்கும். நொடி முள் துள்ளித் துள்ளிப் போனால் அது சத்தம் போடும் வகை, வழுக்கிக்கொண்டு ஒரே சீராகப் போனால் சத்தமில்லாத வகை. வாங்கும்போது செல்லைப் போடச் சொல்லி அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் காதைக் கொடுத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே டிக் டிக் கடிகாரம் வீட்டில் இருந்தால் நாலாக மடித்த துண்டின் மேல் வையுங்கள், பாதிச் சத்தம் அடங்கும். இரும்பு பீரோவின் மேல் மட்டும் வைக்காதீர்கள், பீரோ முழுக்க மேளமாகிவிடும். எங்கள் அம்மா அதையே தலைகீழாகச் செய்வார்கள், தூக்கம் கலையாத என் தம்பிக்காக டைம்பீஸை எவர்சில்வர் தட்டில் நிறுத்தி அதில் நாலு சில்லறைக் காசைப் போட்டுவைப்பார்கள். அடித்தால் தெருவே எழும்.

இரண்டாவது, அலாரத்தின் சத்தம். இங்கேதான் மலிவுக் கடிகாரங்கள் ஏமாற்றும். சின்ன வில்லை வைத்த பீப் பீப் வகைகள் கீச்சென்று மேல்சுரத்தில் கத்தும், இளவட்டங்களுக்குக் காதைக் கிழிக்கும், ஆனால் வயதானால் காது முதலில் இழப்பது அந்த மேல்சுரத்தைத்தான். தீ எச்சரிக்கைக் கருவிகளை வைத்து வெளிநாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்துகிற கீச்சுச் சத்தத்தைவிட 520 ஹெர்ட்ஸில் வருகிற தடித்த சத்தம், தூங்குகிற குழந்தைகளையும் காது மந்தமானவர்களையும் நன்றாக எழுப்பியது. அமெரிக்காவில் படுக்கையறைக் கருவிகளுக்கான விதியிலேயே அந்தத் தடித்த சத்தம் சேர்ந்துவிட்டது. அதனால் அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால் மணி அடிக்கும் வகை, இரண்டு காது வைத்த மாதிரி தலையில் கிண்ணம் இருக்குமே, அதை வாங்குங்கள். உங்களுக்கு என்றால் மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக வேகமாகும் பீப் போதும். பாங்கு சொல்லும் கடிகாரங்கள் வளைகுடாவிலிருந்து வந்து எங்கள் கம்பம், உத்தமபாளையம் பக்கம் பல வீடுகளில் இருக்கின்றன, மனிதக் குரலில் எழுவது வேறு மாதிரிதான் என்று வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அது அவரவர் விருப்பம்.

பட்டன். அரைத் தூக்கத்தில், இருட்டில், கண்ணைத் திறக்காமல் கை போய் விழுகிற இடத்தில் இருக்க வேண்டும், அதாவது தலையில், அகலமாக. முதுகில் இருக்கும் நாலு திருகில் எது அலாரம் எது மணி என்று தடவிக்கொண்டிருக்கும் வகையை வாங்காதீர்கள், ஒருநாள் தவறுதலாக மணியையே திருகிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன் என்று தட்டும் ஸ்னூஸ் பட்டன் 1956-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் - டெலிகிரான் கடிகாரத்தில் வந்தது, ஐபோனில் நீங்களாக மாற்றாவிட்டால் இன்றும் அது ஒன்பது நிமிடம்தான். முள் கடிகாரங்களில் பெரும்பாலும் நாலைந்து நிமிடம். எனக்கு அந்தப் பட்டன் பிடிக்காது. அந்த நாலு நிமிடத்தில் தூங்கவும் முடியாது, எழுந்த மாதிரியும் இராது. ஆனால் இல்லாத கடிகாரம் கேட்டால் பாதிப் பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள், கடைக்காரனாக நான் வாயைத் திறப்பதில்லை.

முகம் என்பது டயல். உங்களுக்கு வேண்டியது ராத்திரி ஒரு பார்வையில் மணி தெரிவது, தெரிந்ததும் மறந்துபோவது. பூப்போட்ட டயல், தங்க முலாம் முள், ரோமன் எழுத்து எல்லாம் பகலுக்கு. இந்த விஷயத்தில் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் வடிவமைத்த டைம்பீஸ்களைப் பாருங்கள், 1975-இல் வந்த ஏபி 20, 1987-இல் லூப்ஸ் செய்த ஏபி 1. கறுப்பு டயல், வெள்ளை முட்கள், நொடி முள் மஞ்சள். கையகலச் சதுரம், ஓர் எழுத்து அதிகம் இல்லை. ஒரு கடிகாரத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று யோசித்துச் செய்தவர்கள். அதன் சாயலில் இன்று நம் ஊர்க் கடைகளிலேயே நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, மிஷின் எப்படியும் ஒன்றுதான், ஆகவே கூச்சப்படாமல் வாங்கலாம். அசல் வேண்டும், மேசையில் அழகாக இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாகச் செலவு செய்யுங்கள், அது தூக்கத்துக்கான செலவு இல்லை.

முள்ளில் ரேடியம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். எல்லோரும் இன்னும் ரேடியம் என்றுதான் கேட்கிறார்கள், பயப்படாதீர்கள், அதில் ரேடியம் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கியே நோய் வந்து செத்தார்கள், அது பெரிய கொடுமை. இப்போது பூசுவது வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு இருட்டில் உமிழும் சாதாரணப் பூச்சு, 1993-இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த வகை. விளக்கை அணைத்த பிறகு சில மணி நேரம் தெரியும், விடியும்போது மங்கிவிடும். எப்போதும் எரிகிற எண்கள் உள்ள கடிகாரம்தான் வேண்டும் என்றால் சிவப்பு எண்ணாகப் பாருங்கள், நீலம் வேண்டவே வேண்டாம். அறையே மீன் தொட்டி மாதிரி ஆகிவிடும்.

சாவி கொடுக்கும் பழைய டைம்பீஸ் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அப்பா கடைக்கு ரிப்பேருக்கு வருவதில் பாதி அதுதான், எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு, வயிற்றைத் திறந்தால் வில் சுருளும் பல் சக்கரமும் தெரியும், எதனால் ஓடுகிறது என்று குழந்தைக்கும் காட்டலாம். ஆனால் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். தினமும் ராத்திரி மறக்காமல் மணிக்கு ஒரு சாவி, அலாரத்துக்கு ஒரு சாவி கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் போகும், டிக் டிக் சத்தமோ சொல்ல வேண்டியதில்லை. தாத்தா வைத்திருந்தது வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், எண்ணெய் போட்டு ஓட வைத்துத் தருகிறேன், ஹாலில் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று. மணியைப் பார்த்ததும் மறந்து தூங்க முடியாதவர் என்றால், கடிகாரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவையுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்து மணியைப் பார்த்தால், "ஐயோ இன்னும் இரண்டு மணி நேரம்தான்" என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், அப்புறம் தூக்கம் எங்கே வரும். தூக்கமின்மைக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் மணி பார்க்காதே என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து மணிக்கு அடிக்க வேண்டியது அடிக்கும், நடுவில் மணி தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு அலாரம் வைப்பதில் ஒரு சூட்சுமம். முள் கடிகாரத்தில் அலாரம் முள்ளைக் கண்ணால் பார்த்து 5-க்கு நேராக வைத்தால் ஐந்து பத்து நிமிடம் முன்னாலோ பின்னாலோ அடிக்கும், அந்தக் குட்டி முள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு மயிரிழை தள்ளினாலே அவ்வளவு வித்தியாசம். அதற்கு, முதலில் மணி முள்ளைச் சரியாக 5:00-க்குக் கொண்டுவாருங்கள், அலாரத்தை ஆன் செய்து அதன் திருகை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள், அடிக்க ஆரம்பித்த இடத்தில் விட்டுவிடுங்கள். பிறகு மணி முள்ளை முன்பக்கமாகவே சுற்றி நடப்பு நேரத்துக்கு வையுங்கள். பழைய சாவி டைம்பீஸாக இருந்தால் முள்ளைப் பின்பக்கம் திருப்பவே கூடாது, உள்ளே அலாரப் பல்லை உடைத்துக்கொண்டு எனக்கு வேலை வைப்பீர்கள்.

செல் அல்கலைன் போடுங்கள். மலிவான கார்பன் செல் தீர்ந்தபின் கசிந்து பித்தளைப் பட்டையைப் பச்சை பூக்க வைத்துவிடும். உங்கள் பக்கத்து ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம், கடைக்கு வரும் செல் டைம்பீஸ்களில் பாதியின் வியாதியே இதுதான்.

முதல் வாரம் பயமாக இருந்தால் போனிலும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஹாலில் இருக்கட்டும், வேண்டுமானால் பத்து நிமிடம் தள்ளி. சனிக்கிழமை ராத்திரி அலாரத்தின் ஸ்விட்சை மறக்காமல் அணையுங்கள். இது போன் மாதிரி ஞாயிறு எது திங்கள் எது என்று தெரிந்து நடக்காது, ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் எந்த நாளானாலும் காலை 5-க்கு அடிக்கிற முள் மாலை 5-க்கும் அடிக்கும். நீங்கள் வண்டன்மேட்டில் இருப்பீர்கள், அது பூட்டிய வீட்டுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்து வீட்டுச் சேச்சி உங்களுக்குப் போன் போடுவார்.